கணவனும் மனைவியும் எதிர்க்கடை வைத்தால்?

சென்ற ஆவணி மாதத்து மாலையொன்றில், பல ஆண்டுகளின் முன் என்னிடம் வணிகக் கல்வி பயின்ற மாணவியொருத்தி தன் பத்து வயது மகளுடன் எனது இல்லத்துக்கு வந்தாள். கையில் ஒரு கடதாசி இருந்தது. அவளும் கணவனுமாகப் பதினோராண்டுகள் நடத்திவந்த தையற்கடை எங்கள் நகரிற் பெயர்பெற்றது. கடை கணவன் பெயரில் உள்ளது. துணி வெட்டுபவள் அவள். மனவேற்றுமை முற்றி இருவரும் பிரிந்து வாழத் தலைப்பட்டபின், இரு பகுதிப் பெரியோரும் கூடியிருந்து எழுதிய உடன்படிக்கையே அக்கடதாசி. அதிற் சாட்சியாக நான் ஒப்பமிடல் வேண்டுமென்பது அவர்கள் விருப்பம்.

வீடு யாருக்கு, பிள்ளை யாரிடம் வளர்வது, நகைகள் எவை எவை என்று வாசித்துக்கொண்டே வந்தேன். ஏழாவது வாசகத்தில் என் கண் தங்கிற்று. கடையும் பொறிகளும் கணவனுக்கே உரியனவாதலின், பெண் பகுதியார் அத்தேதி தொடக்கம் ஏழு வருட காலத்துக்கு நகர எல்லைக்குள் தையற்கடை நடத்துதலோ, பிறர் கடையில் தைத்தலோ, அத்தகைய கடையில் எவ்விதத்திலேனும் தொடர்பு கொள்ளுதலோ ஆகாது என்று அதில் எழுதப்பட்டிருந்தது.

"சேர், இதிலை நான் ஒப்பம் வைக்கலாமோ?" என்று அவள் கேட்டாள். சற்றுப் பொறுத்து, "அவர் என்ன செய்யக்கூடாதெண்டு எங்கையாவது எழுதியிருக்கோ?" என்றாள். கடதாசியின் மறுபுறத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அன்று நான் ஒப்பமிடவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டு அவளை அனுப்பினேன். நான் சட்டத்தரணியல்லேன். ஆயினும் வணிகம் கற்பிப்பவன் ஒருவன், வணிகம் செய்யாதே என்று எழுதிய ஓர் ஓலையின் பொருளை அறியாதிருத்தல் நாணத்துக்குரியது அன்றோ? அவ்வாரத்திலும் அதன் பின்னரும் நான் தேடி வாசித்தவற்றுட் சிலவற்றை, இத்தகைய கடதாசிகள் வேறு வீடுகளுக்கும் வரக்கூடும் என்னும் எண்ணத்தால் இங்கு எழுதுகின்றேன்.

சாயக்காரனும் பாண் சுடுவோனும்

ஒருவன் இன்ன தொழிலை, இன்ன எல்லையுள், இன்ன காலம்வரை செய்வதில்லையென எழுதிக்கொடுக்கும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் ஆறு நூற்றாண்டுகளாக அதனைத் துருவி ஆராய்ந்து வருகின்றன. 1414ஆம் ஆண்டில் யோன் டையர் என்னும் சாயத் தொழிலாளி, ஒரு நகரில் அரையாண்டு காலம் தன் தொழிலைச் செய்வதில்லையெனப் பிணைமுறி எழுதிக் கொடுத்திருந்தான். முறியை வைத்திருந்தவன் வழக்கிட்டபோது, ஹல் என்னும் நீதிபதி கடுஞ்சினங்கொண்டார். கடவுள்மீது ஆணையாக, அவ்வழக்காளி இங்கே இருப்பானாயின் அரசனுக்குத் தண்டம் இறுக்கும்வரை அவன் சிறையிற் கிடப்பான் என்று முழங்கினார். அக்காலத்து ஆங்கில வழக்கேடுகளின் மொழி பிரெஞ்சு ஆதலின், அவர் ஏசியதும் பிரெஞ்சு மொழியிலேயே பதிவாகியுள்ளது!

நீதிபதியின் சினத்துக்குக் காரணம் உண்டு. ஒரே தொழில் கற்றவனிடமிருந்து அத்தொழிலைப் பறித்தால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கும். ஊரும் ஒரு நல்ல தொழிலாளியை இழக்கும்.

ஆயினும் மூன்று நூற்றாண்டுகளின் பின், 1711இல், வேறோர் உண்மையை நீதிமன்றம் கண்டது. றெனோல்ட்ஸ் என்னும் பாண் சுடுவோன் இலண்டன் மாநகரில் ஹோல்போண் சென் அன்றூ கோவிற்பற்றில் இருந்த தன் அடுப்பகத்தின் குத்தகையை மிச்சல் என்பவனுக்கு ஐந்தாண்டு காலத்துக்கு மாற்றிக் கொடுத்தான். அக்காலத்தில் அக்கோவிற்பற்றில் தான் பாண் சுடுவதில்லை, சுட்டால் 50 பவுண் தருவேன் என்று முறியும் எழுதினான். அம்முறி செல்லும் எனப் பிரதம நீதியரசர் பாக்கர் தீர்ப்பளித்தார். கடையை விற்றவன் அடுத்த நாள் எதிரே அடுப்பு மூட்டுவானாயின், வாங்கியவன் வாங்கியது நான்கு சுவர்களையும் ஒரு புகைபோக்கியையும் மாத்திரமே. வழக்கமாக வரும் வாடிக்கையாளர் தொடர்ந்து வருவர் என்னும் எதிர்பார்ப்பே கடையின் உயிர். வணிகர் அதனை நன்மதிப்பு என்பர். அதற்கு விலை பெற்றவன் அதனைத் திரும்பப் பறித்தல் ஆகாது.

ஆகவே இத்தகைய ஓலையைக் கண்டால் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, ஒப்பமிடுபவர் எதனை விற்றார், அதற்கு என்ன பெற்றார் என்பதே. தடையின் காலமும் எல்லையும், வாங்கியவனைக் காக்கத் தேவையான அளவை மீறுகின்றனவா என்பது அதன்பின் வரும் கேள்வி.

அந்நியர் இருவரிடையே இக்கேள்விகளுக்கு விடை காண்பது எளிது. கணவனும் மனைவியும் கூடி நடத்திய தொழிலில் விற்றவர் யார், வாங்கியவர் யார்? ஒரே அடுப்பில் இருவரும் விறகு வைத்தபின், எந்தச் சூடு எவருடையது என்று பிரித்தல் எங்ஙனம்? இதற்கு நியூயோர்க் நகரில் நிகழ்ந்த ஒரு கதையைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

செங்கதவின் பின்னால்

புளோறன்ஸ் நைட்டிங்கேல் கிறகம் என்பது கனடா நாட்டின் ஒன்றாரியோ மாகாணத்திற் பிறந்த ஒரு பெண்ணின் பெயர். பெயர்ப் பொருத்தத்துக்கேற்ப அவர் தாதியர் பயிற்சிக்குச் சென்றார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. நியூயோர்க் சென்று முகப்பூச்சு, அழகுபடுத்தல் ஆகியவற்றைக் கற்று, எலிசபெத் ஹபாட் என்னும் மாதுடன் 1909இற் கூட்டுத்தொழில் தொடங்கினார். கூட்டு விரைவில் முறிந்தது. கூட்டாளி சென்றார், எலிசபெத் என்னும் பெயரைப் புளோறன்ஸ் தன்னுடன் வைத்துக்கொண்டார். அதனோடு ஆடன் என்பதைச் சேர்த்து எலிசபெத் ஆடன் ஆனார். 1910இல் ஐந்தாவது அவெனியூவில் அவர் திறந்த நிலையத்தின் செந்நிறக் கதவு பின்னர் உலகறிந்த அடையாளமாயிற்று.

1915இல் அவர் தோமஸ் ஜெங்கின்ஸ் லூயிஸ் என்னும் வங்கியாளரை மணந்தார். அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி அந்த மணத்தாலேயே அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். முதலாம் உலகப் போரின் பின் லூயிஸ் மனைவியின் தொழிலினுள் நுழைந்தார். நிலையத்துக்கு வரும் சீமாட்டிகளின் முகத்தைக் கவனித்தல் மனைவியின் பணி. அவர் ஆக்குவித்த களிம்புகளையும் வாசனைப் பொருள்களையும் பெரும் பண்டகசாலைகளுக்கு மொத்தமாக விற்றல் கணவனின் பணி. ஒரு தெருவில் இருந்த பெயர் நாடெங்கும் கடைகளின் கண்ணாடிப் பேழைகளுட் சென்றது இம்மொத்த விற்பனையாலேயே. ஆயினும் ஆடன் அம்மையார் தம் கணவருக்குக் கொம்பனியில் ஒரு பங்கேனும் கொடுத்தாரல்லர். வீட்டிற் கணவர், கந்தோரில் ஊழியர்! நம்மூர்க் கடைகளில் இதனை மறுதலையாகப் பார்த்துப் பழகிய நமக்கு இது சற்றே நகைப்பைத் தரலாம். பெயர்களை மாற்றிவைத்து வாசித்துப் பார்த்தால் நகைப்பு அடங்கும்.

1934இல் மணவாழ்வு முறிந்தது. முறிவுக்கு லூயிஸின் ஒழுக்கத்தையே குறைகூறுவோர் உளர். அது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி. பிரிவின்போது அவர் பெற்றது 25,000 டொலர் என்பர். அதனோடு, ஐந்தாண்டு காலத்துக்கு அழகுசாதனத் தொழிலில் ஈடுபடலாகாது என்னும் தடையும் அவருக்கு விதிக்கப்பட்டது.

இத்தடை நேர்மையானதா? அம்மையாரின் அச்சம் வெற்றச்சம் அன்று. எந்தப் பண்டகசாலையில் எவர் கொள்வனவு செய்பவர், அவருக்கு எவ்வளவு கழிவு கொடுத்தால் இணங்குவார், அடுத்த பருவத்தில் எந்த நிறம் வரவிருக்கின்றது என்பவை யாவும் லூயிஸின் தலைக்குள் இருந்தன. பிரிந்த மறுநாளே அவர் எதிரியின் வாசலை மிதித்திருந்தால் செங்கதவு ஆட்டங்கண்டிருக்கும். ஆனால் விலையையும் நோக்குதல் வேண்டும். அதே தொழிலில் அம்மையாரின் பெரும் போட்டியாளராயிருந்த ஹெலினா றூபின்ஸ்ரைன், 1928இல் தமது அமெரிக்க வணிகத்தை லீமன் சகோதரர் என்னும் வங்கியாளருக்கு விற்றபோது பெற்ற தொகை 73 இலட்சம் டொலர். ஒரு பெயருக்கும் அதன் வாடிக்கைக்கும் அக்காலத்திற் சந்தை இட்ட மதிப்பு அத்துணை. அத்தகைய ஒரு பெயரை நாடெங்கும் பரப்பியவர் கையோடு கொண்டு சென்றதோ 25,000. பங்கு இல்லாதவரிடம் வாங்குவதற்கு எதுவும் இல்லையென்பது அம்மையாரின் கணக்காயிருக்கலாம். அங்ஙனமாயின், விற்பதற்கு எதுவுமில்லாதவருக்குத் தடை எதற்கு? அவரிடம் பெறுமதியான ஏதோ இருந்தது என்பதற்கு அத்தடையே சான்று.

ஐந்தாண்டு கழிந்தது. இடையில் ஆடன் அம்மையார் றூபின்ஸ்ரைனின் விற்பனைத் தலைவரையும் வேறு சில ஊழியரையும் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். றூபின்ஸ்ரைன் வாளாவிருப்பவர் அல்லர். 1939இல், தடை நீங்கிய தோமஸ் லூயிஸை அழைத்துத் தமது கொம்பனியில் அமர்த்தினார். ஒரே நகரில் பல ஆண்டுகள் தொழில் செய்தும் இவ்விரு பெண்மணிகளும் ஒருவரையொருவர் ஒருநாளும் நேரிற் சந்தித்ததில்லை என்பர். ஒருவரின் முன்னாட் கணவர் மற்றவரின் ஊழியராய் இருந்ததே அவர்களுக்கிடையில் ஏற்பட்ட நெருங்கிய உறவு. இக்கதை 2016இற் சிக்காகோவிலும் அடுத்த ஆண்டு நியூயோர்க்கிலும் இசைநாடகமாக மேடையேறியது.

லூயிஸ் எதிர்ப்பக்கம் சென்றதனால் ஆடன் அம்மையாரின் தொழில் அழிந்துவிடவில்லை. அது மேலும் வளர்ந்தது. 1947இல் அவரது குதிரை கென்டக்கி டேபிப் பந்தயத்தில் வென்றது. 1966இல் அவர் இறக்கும்வரை செங்கதவுகள் திறந்தே இருந்தன.

பெயர்ப்பலகையில் மனைவி

தடையெழுதிக் கொடுத்தவர் தாம் ஒதுங்கியிருந்து துணைவரை முன்னிறுத்தினால் என்ன ஆகும்? இதற்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு ஆங்கிலத் தீர்ப்புகள் உள்ளன. இரண்டையும் சேர்த்து வாசித்தாலன்றி உண்மை விளங்காது.

முதலாவது, 1894இல் முடிந்த சிமித் எதிர் ஹான்கொக் என்னும் வழக்கு. ஹான்கொக் தன் பலசரக்கு வணிகத்தை விற்று, குறித்த எல்லையுள் அத்தகைய வணிகத்தை நடத்துவதோ அதில் எவ்விதத்திலேனும் தொடர்பு கொள்வதோ இல்லையென எழுதிக் கொடுத்தான். பின்னர் அவன் மனைவி, தன் சொந்தப் பணத்தைக் கொண்டு, தன் மருமகன் முறையான ஓர் இளைஞனுடன் சேர்ந்து அவ்வூரிலேயே கடை திறந்தாள். கணவன் சில உதவிகள் செய்தான் என்பது உண்மை. முதலும் போடவில்லை, இலாபமும் பெறவில்லை. மேன்முறையீட்டு மன்று, கணவன் வாக்குத் தவறவில்லை எனத் தீர்ப்பளித்தது. இது வெறும் போர்வை, உண்மையில் நடத்துபவன் கணவனே என்று சான்றுகள் காட்டியிருந்தால் அவ்வாறே தீர்ப்பளிக்கத் தயங்கியிருக்க மாட்டேன் என்னும் கருத்தை நீதியரசர் லின்ட்லி வெளியிட்டார். ஆனால் அது போர்வை அன்று; மெய்யாகவே மனைவியின் கடை.

இத்தீர்ப்பின் பின்னணியில், விவாகமான பெண்களின் ஆதனம் பற்றிய 1882ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கின்றது. அதற்கு முன் ஆங்கில நாட்டு மனைவியின் கைப்பொருள் பெரும்பாலும் கணவனின் பொருளே. மனைவி தன் பெயரிற் பொருள் வைத்திருக்கும் உரிமை பெற்ற பன்னிரண்டாவது ஆண்டில், கணவன் கொடுத்த வாக்கு மனைவியின் கையைக் கட்டாது என்று மன்று கூறிற்று. கடையை வாங்கிய சிமித்துக்கு இது வேதனையாகவே இருந்திருக்கும். ஆயினும் மனைவியும் ஒரு தனியாள் என்பதை ஏற்றுக்கொண்டால் இம்முடிவையும் ஏற்றல் வேண்டும்.

மற்றையது, 1933இன் கில்போட் மோட்டார் கொம்பனி எதிர் ஹோண். ஹோண் அக்கொம்பனியின் முகாமைப் பணிப்பாளராய் இருந்தவர். வேலையை விட்டபின் அதன் வாடிக்கையாளரை நாடுவதில்லையென ஒப்பமிட்டவர். விலகியதும் மோட்டார் உதிரிப்பாகங்களைக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கினார். ஒப்பந்தம் குறுக்கே நிற்குமென்று அறிந்தபோது ஒரு புதிய கொம்பனியைப் பதிவு செய்தார். அதன் பங்குதாரர் அவர் மனைவியும் அவரிடம் வேலைசெய்த ஒருவருமே. ஹோண் பெயரில் ஒரு பங்கும் இல்லை. நான் விற்கவில்லை, கொம்பனி விற்கின்றது என்பது அவர் வாதம். மேன்முறையீட்டு நீதியரசர் மூவரும் இதனை ஏற்கவில்லை. கொம்பனி ஒரு சூழ்ச்சிக் கருவி, உண்மைத் தொழிலை மறைக்கும் திரை என்று கண்டு, ஹோணுக்கும் கொம்பனிக்கும் சேர்த்துத் தடையுத்தரவு பிறப்பித்தனர். கொம்பனிச் சட்டம் பயிலும் மாணவர் இன்றும் இவ்வழக்கைக் கற்கின்றனர். அதில் வரும் மனைவியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ஹான்கொக்கின் மனைவி தன் பணத்தையும் துணிவையும் கொண்டு வணிகம் செய்தாள். ஹோணின் மனைவியிடம் கடனாகப் பெறப்பட்டது பெயர் மாத்திரமே.

விரலிலுள்ள மதிப்பு

நம் காலத்தில் இத்தடைகளின்மேல் ஐயம் வலுத்து வருகின்றது. கலிபோர்ணியா மாநிலம் 1872 தொடக்கமே, தொழில் செய்யாதே என்னும் உடன்படிக்கைகளைச் செல்லாதனவாக்கி வைத்துள்ளது. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணைக்குழு, ஏறத்தாழ 3 கோடித் தொழிலாளர் இத்தகைய தடைகளுட் கட்டுண்டிருப்பதாகக் கணக்கிட்டு, 2024 சித்திரையில் நாடு முழுவதற்குமான ஒரு தடைநீக்க விதியை வெளியிட்டது. அவ்வாண்டு ஆவணியிலேயே ரெக்சாஸ் நீதிமன்றமொன்று அவ்விதியைத் தள்ளிவைத்தது. 2025இல் ஆணைக்குழுவும் மேன்முறையீட்டைக் கைவிட்டது. கவனிக்கத்தக்கது யாதெனில், கலிபோர்ணியச் சட்டமும் இவ்விதியும், வணிகத்தை விற்றவர் கொடுக்கும் வாக்குக்கு விலக்கு அளித்தன. பழைய பாண் அடுப்பின் நியாயம் இன்னும் ஆறவில்லை!

மணமுறிவு வழக்குகளில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் மன்றங்கள் கண்ட ஒரு வேறுபாடே என் மாணவியின் கடதாசிக்கு மிகவும் பொருந்துவது. நன்மதிப்பு இருவகைப்படும். கடையின் இடம், பெயர், ஒழுங்கு, பணியாளர் ஆகியவற்றிற் படிந்திருப்பது ஒன்று. ஆள் மாறினும் அது கடையோடு நிற்கும். ஒருவரின் கைத்திறனிலும் முகத்திலும் படிந்திருப்பது மற்றொன்று. அவர் எழுந்து சென்றால் அதுவும் எழுந்து செல்லும். முன்னையதை மணவாழ்வின் பொதுச்சொத்தாக எண்ணிப் பங்கிடலாம். பின்னையதைப் பங்கிட இயலாது. ஒருவர் போட்டியிடாதிருந்தாலன்றிக் கடைக்கு மதிப்பில்லை என்றால், அம்மதிப்பு கடையில் அன்று, அவ்வாளிடத்திலேயே உள்ளது என்பர்.

நம் தேசவழமையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அவ்வழமையில் முதுசம், சீதனம் என்பவற்றோடு தேடியதேட்டம் என்றொரு பகுப்பு உண்டு. விவாக வாழ்வில் ஈட்டிய பொருள், ஒருவர் பெயரில் இருப்பினும் இருவருக்கும் சமமாக உரியது என்று 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் எழுதி வைத்தது. 1947இல் தேடியதேட்டத்தின் இலக்கணம் திருத்தப்பட்டது. அந்நுணுக்கங்களைச் சட்டத்தரணியிடமே கேட்டறிதல் வேண்டும். லூயிஸ் போன்ற ஒருவருக்கு இவ்வழமை ஒரு பிடியைக் கொடுத்திருக்கும் என்று எண்ணினேன். ஆயின் வயலும் மாடும் நகையும் கண்ட நம் முன்னோர், வாடிக்கையாளரையும் ஒரு தேட்டமாகக் கருதியிருப்பரோ என்பது வேறு விடயம்.

குறித்த நாளில் இரு பகுதியாரும் என் வீட்டுத் திண்ணையிற் கூடினர். என் மாணவி ஏழாண்டுத் தடைக்காகப் பெறுவது யாது என்று கேட்டேன். பெரியவர் ஒருவர், "பெறுறதுக்கு என்ன இருக்கு? கடை அவன்ரை பேரிலை" என்றார். "அப்படியெண்டால் ஏன் பயப்பிடுறியள்?" என்று நான் கேட்டதும் நெடுநேரம் எவரும் பேசவில்லை. கணவன் கெட்டவன் அல்லன். அவள் எதிர்க்கடை வைத்தால் மாதமொன்றில் என் கடையைப் பூட்டவேண்டியதுதான் என்று அவனே முதலில் வாய்திறந்து சொன்னான். அதன்பின் பேச்சு வேறு வழியிற் சென்றது. அவர்களை ஒரு சட்டத்தரணியிடம் அனுப்பினேன்.

மூன்று வாரங்களின் பின் வந்த புதிய கடதாசியில், பொறிகளின் பெறுமதியிற் பாதியும் கடையின் பெயருக்காக ஒரு தொகையும் அவளுக்கென எழுதப்பட்டிருந்தன. அவளுக்குரிய தடை அந்த ஒரு தெருவுக்கும் ஓராண்டுக்கும் சுருங்கியிருந்தது. அவள் பெயரைச் சொல்லி வாடிக்கையாளரை அழைப்பதில்லையெனக் கணவனும் ஒப்பமிட்டிருந்தான். நானும் சாட்சியாக ஒப்பமிட்டேன்.

அளவுக் கொப்பிகள் யாரிடம் இருப்பது என்பதற்கே இரண்டு மாலைகள் சென்றனவாம். பதினோராண்டு காலமாக அந்நகரத்துப் பெண்களின் தோளும் கையும் இடையும் குறித்துவைத்த நான்கு தடித்த கொப்பிகள். எழுத்து முழுவதும் அவளுடையது. ஈற்றில் மகளே அவற்றைப் படியெடுக்க ஒப்புக்கொண்டாள். பாடசாலை விட்டு வந்து நாளுக்கு நாலு பக்கமாக எழுதிவருகின்றாள். இரண்டாவது கொப்பி இப்பொழுதுதான் முடிந்ததென்று சென்ற கிழமை அவள் தாய் சொன்னாள்.